விசாகத்திலிருந்து ஓபோனுக்கு

பாங்காக்கிலிருந்து வேலை மாறி டோக்கியோ வந்தோம். ஒரு பௌத்த நாட்டிலிருந்து இன்னொன்றுக்குத்தான் என்றாலும், பண்டிகை நாட்களைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

தாய்லாந்தில் எல்லாம் பௌர்ணமிக் கணக்கு. புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் என்னும் மறைவு மூன்றும் விசாகா பூச்சா என்ற ஒரே நாளில் வந்துவிடும். அரசு விடுமுறை. மாலையில் பூ, ஊதுபத்தி, மெழுகுவர்த்தியோடு கோயிலை மூன்று முறை வலம் வருவார்கள். மாக்கா பூச்சாவிலும் இதே வலம்தான். அன்று நினைப்பது, சொல்லி வைக்காமலே 1,250 சீடர்கள் புத்தர் முன் கூடியதை.

ஜப்பானில் அந்த மூன்றுக்கும் தனித்தனி தேதி: பரிநிர்வாணம் பிப்ரவரி 15, பிறப்பு ஏப்ரல் 8, ஞானம் டிசம்பர் 8. 1873-இல் சூரிய நாள்காட்டிக்கு மாறிய நாடு, அதனால் நிலவைப் பார்க்க வேண்டியதில்லை. எதற்கும் விடுமுறையும் இல்லை. ஏப்ரல் 8 அன்று பூ வேய்ந்த சின்ன மண்டபத்தில் ஒரு கையை வானத்துக்கு உயர்த்தி நிற்கும் குழந்தை புத்தர்மேல் அமாச்சா என்ற இனிப்புத் தேநீரை மொண்டு ஊற்றுவார்கள். என் மகளுக்கு அதில் கொள்ளை ஆசை.

ஆனால் இங்கே ஊரே கிளம்புவது, இறந்த முன்னோர் வீடு திரும்புவதாக நம்பும் ஓபோனுக்குத்தான். பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. சொந்த ஊர் போய்க் குடும்பக் கல்லறையைக் கழுவுவார்கள். வெள்ளரிக்காயிலும் கத்தரிக்காயிலும் குச்சிகளைக் காலாகச் செருகி வைப்பார்கள். வெள்ளரி குதிரை, முன்னோர் விரைந்து வர. கத்தரி மாடு, மெல்லத் திரும்பிப் போக. பசியால் வாடும் பிரேதமாகிவிட்ட தாயை, புத்தர் சொன்னபடி மழைக்காலத் தவம் முடித்த துறவிகளுக்கு உணவளித்து மீட்ட சீடர் மொக்கல்லானரின் கதைதான் இதற்கு அடிப்படை.

அந்த மழைக்காலத் தவம் தாய்லாந்தில் இன்றும் உண்டு. மூன்று மாதம் துறவிகள் ஒரே விகாரையில் தங்குவார்கள். பொதுமக்களில் பலர் அப்போது குடியை நிறுத்துவார்கள். முடிந்ததும் துறவிகளுக்குக் காவியுடை தானம். அங்கே துறவிகளைச் சுற்றி நிற்கும் அதே வழக்கம் இங்கே இறந்த அப்பா அம்மாவைச் சுற்றி வந்து நின்றுவிட்டது. இரண்டிலும் எனக்கு நெருக்கமானது ஓபோன்தான். அப்பா போனபிறகு அது கூடிவிட்டது.

ஆடி அமாவாசைக்கு இங்கே லீவு கிடைப்பதில்லை, ஓபோனுக்குக் கிடைக்கும். அதனால் அப்பாவுக்கான படையலை இனி அந்த வாரத்தில் வைப்பதாக முடிவு செய்து அம்மாவிடம் சொன்னோம். அங்கே வாழைக்காய் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். தேடிப் பிடித்துவிடலாம் என்றேன்.