இரண்டு மஞ்சள்

திங்கட்கிழமை காலையில் இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது எனக்கு இன்றும் வயிற்றுக்குள் லேசாக ஒரு கலக்கம் வரும். முந்தைய செவ்வாய்க்கிழமை போட்ட தட்டு உள்ளே இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஆறு நாள் அதைத் தொடக்கூடாது. ஏழாம் நாள் வெளியே எடுத்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்து, நிறம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குழிகளில் இருப்பவை வீரோ செல்கள். 1962-ல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை. இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவை மூழ்கியிருக்கும் திரவத்தில் பீனால் ரெட் என்று ஒரு சாயம் உண்டு. செல்கள் உயிரோடு இருந்தால் தின்று, வளர்ந்து, அமிலத்தைக் கழிவாக விடும், திரவம் மஞ்சளாகிவிடும். செத்துவிட்டால் அமிலம் ஏது? திரவம் போட்ட நாளில் இருந்த அதே சிவப்பில் நிற்கும். நான் பார்த்த வேலையில் மஞ்சள்தான் நல்ல செய்தி.

செல்களைக் கொல்வதற்கு நாங்கள் வைத்திருந்தது டிப்தீரியா நச்சு. டிப்தீரியா நோயை ஊரில் தொண்டை அடைப்பான் என்பார்கள். இந்த நோயில் கிருமி தொண்டையோடு நின்றுவிடும். பெரிய சேதத்தைச் செய்வது அது கக்கும் நச்சு. அது ரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் நரம்புக்கும் போகிறது. நச்சு மூலக்கூறில் மூன்று பகுதிகள். ஒன்று செல்லின் மேல் கொக்கி போட்டுப் பிடிக்கும். இன்னொன்று சவ்வைத் துளைத்து வழி பண்ணும். மூன்றாவது உள்ளே இறங்கி, செல் புரதம் தயாரிக்கும் இடத்தில் ஓர் அத்தியாவசியப் பாகத்தைச் செயலிழக்க வைக்கும். அந்த மூன்றாவது பகுதியில் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் ஒரு செல்லைக் கொல்லப் போதும் என்று 1978-லேயே காட்டிவிட்டார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது கையுறையை இன்னொரு முறை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

நச்சைப் பிடித்துத் தடுக்க உடம்பு உண்டாக்கும் புரதங்கள்தான் ஆன்டிபாடிகள், அவற்றின் வலிமையை அளப்பதுதான் என் வேலை. ஆன்டிபாடியை இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு நச்சைச் சேர்த்து, ஒரு மணி நேரம் விட்டு, அதன் பிறகு செல்களைப் போடுவோம். எந்தக் குழி வரை மஞ்சள் வருகிறதோ அதுவரை ஆன்டிபாடி ஜெயித்திருக்கிறது என்று கணக்கு. பக்கத்திலேயே வலிமை தெரிந்த ஒரு சீரத்தையும் (ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கும் தெளிந்த நீர்) ஓட்டுவோம், ஒப்பிட்டு யூனிட் சொல்வதற்கு.

என் மேலதிகாரியான மேடம் இந்த வேலைக்கு வந்தபோது தட்டெல்லாம் கிடையாது, கினிப்பன்றிதான். சுமார் 250 கிராம் எடையுள்ள கினிப்பன்றிக்கு நச்சையும் சீரத்தையும் கலந்து ஊசி போட்டு, நான்கு நாளில் சாகிறதா என்று பார்ப்பார்கள். 1897-ல் பால் எர்லிக் வகுத்துக் கொடுத்த முறை அது. ஏன் கினிப்பன்றி, எலி மலிவாயிற்றே என்று கேட்டேன். எலியின் செல்லில் அந்தக் கொக்கி மாட்டாதாம். மனிதனைக் கொல்லும் அளவைக் கொடுத்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்றார். எலிப்பொறி வைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு எலியின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

நான் மறக்காத தட்டு, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் போட்டது. நோய்க்கு மருந்தாகக் கொடுக்கும் குதிரைச் சீரத்துக்குப் பதிலாக, ஒரே மாதிரியான ஆன்டிபாடியை மட்டும் தரும் செல் வரிசைகளை உருவாக்கும் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மோனோகுளோனல் என்பார்கள். வெளியிலிருந்து பதினொரு மாதிரிகள் வந்திருந்தன. முதலில் எலைசா செய்தேன். பிளாஸ்டிக்கின் மேல் நச்சைப் பூசி, ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை. அதிலும் கடைசியில் மஞ்சள் நிறம்தான் வரும். எவ்வளவு அடர்த்தியான மஞ்சளோ அவ்வளவு ஒட்டியிருக்கிறது. இரண்டாம் எண் மாதிரி எலுமிச்சைப் பழம் மாதிரி பளபளத்தது. ஏழாம் எண் சோகையாக இருந்தது. இரண்டாம் எண்தான் எங்கள் ஆள் என்று நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிவிட்டேன். அந்த அடிக்கோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் வீரோ தட்டு. ஏழாம் நாள் எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கச் சிவப்பு. பதினொன்றும் தோல்வி. ஏழாம் எண் வரிசையில் மட்டும் நான்காவது, ஐந்தாவது குழிகள் மஞ்சள். அதற்கு முன்னாலும் சிவப்பு, பின்னாலும் சிவப்பு. திரவத்தை அளந்து விடும் பிப்பெட்டில் ஏதோ கை தவறியிருக்கிறது, அந்த இரண்டு குழிக்கும் நச்சு போய்ச் சேரவில்லை என்று நானே முடிவு கட்டி, அவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேடத்திடம் கொண்டுபோனேன்.

அவர் நான் எழுதிய முடிவைப் படிக்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்.

“நடுவுல மட்டும் ஏம்மா மஞ்சள்?”

“பிப்பெட்டிங் தப்பு மேடம்.”

“சரி. ஆன்டிபாடி மட்டும் போட்டு, நச்சு போடாத குழி எங்க?”

அப்படி ஒரு குழி இல்லை. செல் மட்டும் இருக்கும் குழி வைத்திருந்தேன், நச்சு மட்டும் போட்ட குழி வைத்திருந்தேன். ஆன்டிபாடியே செல்லைக் கொல்லுமா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. தடுக்க வந்தது எப்படிக் கொல்லும் என்ற எண்ணம். மேடம் ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபிளின் அடியில் எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்தைப் படித்தார். சோடியம் அசைடு. ஆன்டிபாடி கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். கிருமி வளர விடாது. செல்லின் மூச்சையும் அடைத்துவிடும்.

கதை இப்போது புரிந்தது. முதல் மூன்று குழிகளில் அசைடு அதிகம், அதனால் செல்கள் செத்தன. நான்காவது, ஐந்தாவதில் அசைடு நீர்த்துப்போய், ஆன்டிபாடி மட்டும் போதுமான அளவு மிச்சம் இருந்தது, பிழைத்தன. ஆறாவதிலிருந்து ஆன்டிபாடியும் போதவில்லை, நச்சு கொன்றது. ஒரே சிவப்புக்கு இரண்டு காரணங்கள். நான் தப்பு என்று அடித்துவிட்ட அந்த இரண்டு குழிகள்தான் தட்டிலேயே உண்மை பேசியவை.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பதினொரு மாதிரிகளையும் டயலிசிஸ் குழாயில் கட்டி, குளிர் அறையில் இரவு முழுக்கக் கலக்கவிட்டு, மூன்று முறை உப்புக் கரைசலை மாற்றி, அசைடைக் கழுவி எடுத்தேன். மறுபடி தட்டு, மறுபடி ஆறு நாள். ஏழாம் எண் முதல் குழியிலிருந்தே வரிசையாக மஞ்சள். எலைசாவில் ஜொலித்த இரண்டாம் எண்? ஆரம்பம் முதல் கடைசி வரை சிவப்பு. இந்த முறை அதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

காரணம் பிறகு பிடிபட்டது. ஏழாம் எண் பிடித்தது நச்சின் கொக்கிப் பகுதியை. கொக்கியைப் பிடித்துக்கொண்டால் நச்சு செல்லில் மாட்ட முடியாது. இரண்டாம் எண் இன்னும் இறுக்கமாகப் பிடித்தது, ஆனால் வேறெங்கோ. ஓடுகிற திருடனின் சட்டை நுனியைப் பிடித்த மாதிரி. இன்னொரு சங்கதியும் உண்டு. பிளாஸ்டிக்கில் பூசும்போது நச்சின் உருவம் கொஞ்சம் குலைந்துபோகும். குலைந்த உருவத்தை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி எலைசாவில் முதல் மார்க் வாங்கும், நிஜ நச்சு எதிரே வந்தால் கண்டுகொள்ளாது. இன்றும் யாராவது எலைசா எண்ணை மட்டும் காட்டி ‘தடுக்கும் ஆன்டிபாடி’ என்று சொன்னால், எந்த மஞ்சளைச் சொல்கிறீர்கள் என்று கேட்கத்தான் வாய் வருகிறது.

எங்கே பிடிக்கிறது என்பது ஒன்று. எப்போது பிடிக்கிறது என்பது இன்னொன்று. அதைப் பார்க்க நானாக ஒரு தட்டு போட்டேன், யாரும் சொல்லாமல். இந்த முறை செல்லோடு நச்சை முதலில் சேர்த்துவிட்டு, ஒரு வரிசைக்கு உடனே, அடுத்த வரிசைகளுக்கு ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் கழித்து என்று ஆன்டிபாடி கொடுத்தேன். கடைசி வரிசைக்கு மறுநாள் காலை. உடனே கொடுத்த வரிசை மஞ்சள். போகப் போக மஞ்சள் குறைந்தது. மறுநாள் கொடுத்த வரிசையில் வேண்டிய அளவுக்குப் பல மடங்கு ஆன்டிபாடி இருந்தது. ஒரு குழிகூடப் பிழைக்கவில்லை. செல்லுக்குள் இறங்கிவிட்ட நச்சை ஆன்டிபாடி தொட முடியாது. அதனால்தான் டிப்தீரியா என்று சந்தேகம் வந்தாலே, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் நச்சை முறிக்கும் ஆன்டிபாடி மருந்தான ஆன்டிடாக்சினைக் கொடுத்துவிட வேண்டும் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. நோயின் தீவிரத்தையும் எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் பார்த்து 20,000 யூனிட்டிலிருந்து 1,00,000 யூனிட் வரை கொடுப்பது நெடுநாள் வழக்கம்.

இந்தத் தட்டைப் பற்றி அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மூத்தவர் ஒருவர், எனக்குப் பெரியம்மா ஆகியிருக்க வேண்டியவர், ஆறு வயதில் தொண்டை அடைப்பானில் போய்விட்டார். வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சே வராது, ஒரு படம்கூட இல்லை. அம்மா கேட்டார், “அந்த ஊசி அப்பவே இருந்துச்சா?” இருந்தது. 1890-ல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் கண்டுபிடித்தாயிற்று. 1901-ல் முதல் மருத்துவ நோபலே அதற்காகத்தான் பேரிங்குக்குப் போனது. “எந்த நாள் கொண்டுபோனாங்கம்மா?” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வண்டி கட்டிக்கொண்டு போனது நாலாம் நாள் என்று பாட்டி சொல்லுமாம்.

மருந்து கண்டுபிடித்தாயிற்று என்பதும் கையில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. 2015-ல் ஸ்பெயினில், தடுப்பூசி போடாத ஆறு வயதுப் பையனுக்கு டிப்தீரியா வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அந்த நாட்டில் இல்லாத நோய். ஆன்டிடாக்சினை ரஷ்யாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. பையன் பிழைக்கவில்லை. நோய் குறையக் குறைய மருந்து தயாரிக்கும் கூடங்களும் குறைந்துபோயின. தயாரிப்பது இன்றும் பெரும்பாலும் குதிரையை நம்பித்தான். சிறிது சிறிதாக நச்சுப்பொருளை ஊசி போட்டு, குதிரை ஆன்டிபாடி உண்டாக்கியதும், கழுத்து ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். லாயத்துக்கு இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். வைக்கோலும் சாணமும் டெட்டாலும் கலந்த வாசனை. ஒரு கிழட்டுப் பழுப்புக் குதிரை என் சட்டைப் பையில் மூக்கை விட்டுத் துழாவியது. பராமரிப்பவர், “வெல்லம் இருக்கான்னு பாக்குது, டாக்டரம்மா வெச்சிருப்பாங்கன்னு பழக்கம்” என்றார். இருந்தாலும் அது குதிரைப் புரதம். சிலருக்கு உடம்பு ஏற்றுக்கொள்ளாது. ஏழாம் எண் போன்றவற்றைத் தேடுவது அதனால்தான்.

நச்சோடு வேலை செய்பவர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஒரு வருடம், மிச்சமிருந்த தட்டில் எங்கள் எல்லோருடைய சீரத்தையும் ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மில்லிலிட்டருக்கு 0.1 யூனிட் இருந்தால் பயமில்லை என்பது கணக்கு. குழாய்களில் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டோம், ஆனால் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். என்னுடையது தாராளமாக இருந்தது, சேரும்போது போட்டுக்கொண்ட ஊசி. கண்ணாடிச் சாமான் கழுவும் அண்ணனுடையது என்னுடையதைவிட அதிகம். திங்கட்கிழமை தட்டை வெளியே எடுத்தால், ஒரே ஒரு வரிசை முதல் குழியிலேயே சிவப்பு.

முப்பது வருடமாக நச்சைக் கையாண்டவர் மேடம். தட்டை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி பார்த்தார்.

“சீரம் மட்டும் போட்ட குழி வெச்சியா?” என்றார்.

வைத்திருந்தேன். நல்ல மஞ்சளாக இருந்தது.

அன்று மத்தியானமே போய் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் தோள் வலிக்கிறது என்று புலம்பியபடி இடது கையால் பிப்பெட் பிடித்தார், நான்கு குழி தவறினார்.