ஆறு நிறங்கள்

ஆறு சின்ன வண்ணக் கட்டங்கள். மூன்று சாம்பல், மூன்று வெளிர் பழுப்பு.

அமெரிக்கத் தோட்ட வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் 1842-இல் வெளியிட்ட ‘காட்டேஜ் ரெசிடென்சஸ்’ என்ற வீட்டு வடிவமைப்புப் புத்தகத்தின் ஸ்கேனை இன்று மதியம் புரட்டும்போது இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். வீட்டின் வெளிப்புறத்துக்கு அவர் பரிந்துரைத்த நிறங்கள் இவை.

வெள்ளையடித்த வீடு அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. மரங்களுக்கு நடுவே அது கண்ணைக் குத்துகிறதாம். மண், கல், மரப்பட்டையின் நிறங்களையே வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அமெரிக்கக் கிராமங்களில் வெள்ளைச் சுவரும் பச்சை ஜன்னல் கதவும் பரவிக் கிடந்த காலம் அது!

அவர் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் நதிக்கரையிலுள்ள நியூபர்க்கில் நாற்றுப்பண்ணை நடத்தியவர். புத்தகத்தின் படங்களுக்குக் கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் ஜாக்சன் டேவிஸ் கைகொடுத்தார். வீட்டின் தோற்றம், தரைப்படம், உத்தேசச் செலவு எல்லாம் ஒரே இடத்தில். ஊர்த் தச்சரிடம் பக்கத்தைக் காட்டி, "இந்த மாதிரி கட்டுங்க" என்று சொல்லிவிடலாம்.

1850-இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் முதல் வடிவமே ஓர் உழைப்பாளியின் சிறு வீடு. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அழகை வில்லா கட்டும் பணக்காரர்களுக்கு மட்டும் என்று விட்டுவிடவில்லை.

1852-இல் ஹட்சனில் நீராவிக் கப்பல் தீப்பிடித்து இறந்தபோது அவருக்கு வயது 36. அப்புறம் 1857-இல் அவருடைய தொழில் கூட்டாளியான கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸ் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தார். இருவரும் சேர்ந்து வடிவமைத்த வீடுகளும் அதில் இருக்கின்றன.