எங்கே இறங்குவீர்கள்?

மும்பை லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். அங்கே யாரும் யாரையும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "எங்கே இறங்குவீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். உட்கார்ந்திருப்பவர் "காட்கோபர்" என்று வாய் திறந்துவிட்டால், காட்கோபருக்குப் பிறகு அந்த இடம் கேட்டவருக்குச் சொந்தம். பத்திரப் பதிவு தேவையில்லை. நடுவில் வேறொருத்தி உட்கார முயன்றால் பெட்டியே திரண்டு நீதி வழங்கிவிடும்.

டோம்பிவிலியிலிருந்து வி.டி. என்ற விக்டோரியா டெர்மினஸ் வரை 48 கிலோமீட்டர். (அந்த ஸ்டேஷனுக்கு 1996-இல் ஒரு முறையும் 2017-இல் ஒரு முறையும் பெயர் மாறிவிட்டது. எங்கள் வாய்தான் மாறவில்லை.) 1988 முதல் 2015 வரை நாங்கள் நான்கு தமிழ்ப் பெண்கள் ஒரே பெட்டியில், ஒரே பெஞ்சில் அந்தத் தூரத்தைக் கடந்திருக்கிறோம். உட்கார இடம் வேண்டுமானால் முதலில் எதிர்த்திசையில் கல்யாண் வரை போய், அங்கே புறப்படும் வண்டியில் திரும்பி வர வேண்டும். ஆபீஸுக்குப் போக ஆபீஸை விட்டு விலகிப் போகும் இந்த வித்தையை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

பெஞ்சு மூன்று பேருக்கானது. நான்காவது ஆள் ஓரத்தில் ஒரு தொடையை மட்டும் வைத்து, மற்றதை நடைபாதையில் விட்டு உட்காரலாம் என்பது மும்பையின் எழுதாத சட்டம். அந்த இடத்துக்கு நாலாவது சீட் என்று பெயர். அது என்னுடையது. இருபத்தேழு வருடம் அரை இடத்தில் உட்கார்ந்ததில் என் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று எலும்பு மருத்துவரிடமே சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் காரில் வருபவர்.

எங்களுக்குள் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் எப்போதோ போய்விட்டது. வண்டி நிற்பதற்கு முன்பே பாய்ந்து ஏறி ஜன்னலோரத்தைப் பிடிக்கும் திருநெல்வேலிக்காரி 'ஜன்னல்'. மும்பையில் குளிர் என்பது ஜனவரியில் நாலு நாள் தங்கிவிட்டுப் போகும் விருந்தாளி. இருந்தும் வருடம் முழுவதும் கம்பளி நூலும் கையுமாக இருந்தவள் 'ஸ்வெட்டர்'. மாலை வண்டியில் பைகுலா தாண்டியதும் மடியில் செய்தித்தாளை விரித்து மறுநாள் சமையலுக்குக் காய் ஆயத் தொடங்கும் தஞ்சாவூர்க்காரி 'பட்டாணி'. நான் 'நாலாவது'. என் பேரனின் பூணூல் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத்தான் பட்டாணிக்கு என் உண்மையான பெயர் நினைவுக்கு வந்ததாம்.

ஃபாஸ்ட் வண்டி அப்போதெல்லாம் பார்சிக் சுரங்கம் வழியாகப் போகும். 1916-இல் திறந்தது, நீளம் 1.3 கிலோமீட்டர். உள்ளே நுழைந்ததும் சக்கரச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. ஜன்னல் பேச்சை அப்படியே நிறுத்துவாள். வெளியே வந்ததும் விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடர்வாள். "என் மாமியார்" என்று உள்ளே போனால் "மட்டும் என்ன யோக்கியமா?" என்று வெளியே வருவாள். 2005 ஜூலை 26 அன்று, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அன்று, குர்லாவுக்கு அருகில் வண்டி நின்று இரவெல்லாம் பெட்டியிலேயே கிடந்தோம். பட்டாணியின் பையிலிருந்த வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு, விடியும்வரை ஜன்னலின் மாமியார் கதைதான். அன்று சுரங்கம் எதுவும் குறுக்கே வராதது எங்கள் துரதிர்ஷ்டம்.

போன வருடம் ஒரு நாள் மதியம் ஜன்னல் எங்கள் மூவரையும் ஒன்றாகப் போனில் அழைத்தாள்.

"என் இடது மார்பில் பட்டாணி இருக்கிறது" என்றாள்.

"நான் இங்கே வீட்டில் அல்லவா இருக்கிறேன்?" என்றாள் பட்டாணி.

ஒரு நொடி மௌனம். பிறகு ஜன்னல்தான் முதலில் சிரித்தாள். அவளுக்கு அப்போது வயது 67. கட்டியைக் கண்டுபிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகளின் புதுமனை புகுவிழா முடியட்டும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லையாம். அதற்காக நான் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. குத்துவிளக்கு ஏற்ற வேறு யாரும் இல்லையா?

அறுவை சிகிச்சை அன்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "நாளைக்குப் பால்காரரிடம்..." என்று ஆரம்பித்தாள். கதவு மூடிக்கொண்டது. நான்கு மணி நேரம். நாங்கள் மூவரும் வெளியே ஒரு மூன்று இருக்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் பக்கத்து ஓரத்தைக் காலியாக விட்டுவிட்டு நான் வழக்கம்போல மறு ஓரத்தில் ஒற்றைத் தொடையில் இருந்தேன். எதிரே ஆறு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. காவலாளி இரண்டு முறை வந்து கையைக் காட்டினார். பழக்கதோஷம் என்று இந்தியில் எப்படிச் சொல்வது?

மயக்கம் தெளிந்து அவள் கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் சொல்: "அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிடு."

நர்ஸ் பதறிவிட்டாள். உளறுகிறாள் என்று நினைத்து மருத்துவரை அழைக்கப் போனவளை ஸ்வெட்டர் தடுத்து நிறுத்தி, "ஒன்றுமில்லை சிஸ்டர், பார்சிக்" என்றாள். நர்ஸ் கேரளத்துப் பெண், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதை ஒரு மருந்தின் பெயர் என்றே நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு கீமோ. முதல் நான்கு தவணை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அடுத்த பன்னிரண்டு தவணை வாரத்துக்கு ஒரு முறை என்று மருத்துவர் விளக்கினார். "நாலு ஸ்லோ, பன்னிரண்டு ஃபாஸ்ட்" என்றாள் ஜன்னல். மருத்துவர் தாணேயில் பிறந்து வளர்ந்தவர். தலையை மட்டும் ஆட்டினார். ஸ்லோ மருந்துகளில் ஒன்று டாக்ஸோரூபிசின். பார்க்க ரோஜா சர்பத் மாதிரியே இருக்கும், சிறுநீரும் சிவந்து போகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கையின்போது ஸ்வெட்டர் காபி வாங்கப் போயிருந்தாள். அன்று மாலை கழிவறைக்குத் துணையாகப் போனவளும் அவள்தான். அந்தக் கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்களாம்.

கீமோ அறையில் ஒரே ஒரு சாய்வு நாற்காலிதான் ஜன்னலோரம். அங்கே வேறொரு அம்மாள் இருந்தார். என் தோழி ஒரு கையில் ட்ரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போய், மராத்தியில் கேட்டேவிட்டாள்: "எங்கே இறங்குவீர்கள்?"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த இடத்தில், அந்த நோயில், கேட்கிற கேள்வியா அது? அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். தன் தலைக்கு மேல் தொங்கும் பாட்டிலைப் பார்த்தார். "இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது. நாலு மணிக்கு இறங்கிவிடுவேன். வேறு யாரும் கேட்கவில்லை, உங்களுக்குத்தான்" என்றார். அம்பர்நாத்காரராம். முப்பது வருடம் மசூதி பந்தர் வரை போய் வந்தவராம். அப்புறம் என்ன, இருவரும் எந்த வண்டியில் கூட்டம் அதிகம் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எட்டுப் பேர் முள்சீத்தாப் பழச்சாறு கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் ஜன்னலின் கணவர் குடித்தார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. வீணாக்கக் கூடாது என்ற கொள்கை உண்டு.

முடி கொட்டியதும் மகள் ஒரு விக் வாங்கித் தந்தாள். "திருப்பதியில் யாரோ வேண்டிக்கொண்டு கொடுத்த முடி இது. முடியைக் கொடுத்தது அவர், புண்ணியம் எனக்கு" என்று இரண்டு நாள் வைத்துக்கொண்டாள். மே மாத மும்பையில் மூன்றாம் நாள் அது டீ.வி. மேல் ஏறிவிட்டது. கரண்ட் போன ஒரு சாயங்காலம் பட்டாணி அதைப் பூனை என்று நினைத்துச் 'சூ' என்று விரட்டினாள்.

ஸ்வெட்டரின் இருபத்தேழு வருடத் தவத்துக்குப் பலன் கிடைத்ததும் அப்போதுதான். ஒரு மார்பை எடுத்த பிறகு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள, பருத்தி நூலில் பின்னிச் செயற்கைப் பஞ்சு அடைத்த மார்பு உண்டு. கனமில்லை, உறுத்துவதும் இல்லை. ஸ்வெட்டர் உட்கார்ந்து ஒரே வாரத்தில் மூன்று பின்னினாள். முதலாவது கிரிக்கெட் பந்து. இரண்டாவது சமோசா. மூன்றாவதை வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடி முன் நின்றாள். நாங்கள் வரிசையாகக் கட்டிலில் அமர்ந்து நடுவர்களைப் போலப் பார்த்தோம்.

"ஒன்று குர்லாவில் நிற்கிறது, மற்றது தாதரைத் தாண்டிவிட்டது" என்றேன்.

"67 வயதில் எது எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கிறது. நீ பின்னியதுதான் இன்னும் பம்பாய்க்கு வந்த புதிதில் இருக்கிறது" என்றாள் ஜன்னல், ஸ்வெட்டரைப் பார்த்து. கொஞ்சம் பஞ்சைப் பிடுங்கி எடுத்ததும் சரியாகிவிட்டது.

மற்ற மூவரும் மட்டும் புத்தம் புதியவர்களா என்ன? எங்கள் நால்வரிடமும் சேர்த்து நல்ல நிலையில் உள்ள முழங்கால்கள் மூன்று. எனக்கு வலது காது மந்தம். பட்டாணிக்குச் சர்க்கரை, அடுத்தவர் கையில் பேடாவைப் பார்த்தால் அவர் உடல்நலத்தின்மீது அவளுக்குத் திடீர் அக்கறை வந்துவிடும்.

பன்னிரண்டு ஃபாஸ்ட்டும் முடிந்தபோது ஜன்னலுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அந்த மருந்து அப்படித்தான் செய்யும், மெல்ல மெல்லத் தெளியும் என்றார்கள். ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை, கோலப்பொடி கையில் நிற்கவில்லை. தீபாவளிக்கு அவள் வாசலில் போட்டது கோலம் என்று நாங்கள் சொன்னதால்தான் அது கோலம்.

இந்த ஜனவரியில் ஒரு நாள் பதினொரு மணிக்கு, ஒரு வேலையும் இல்லாமல், நால்வரும் வண்டி ஏறினோம். டோம்பிவிலியிலேயே புறப்படும் ஸ்லோ. மொட்டை போட்டு நாலு மாதமான குழந்தைபோல் தலையில் சுருட்டை சுருட்டையாக முடியோடு ஜன்னல், வண்டி நிற்பதற்குள் பாயப் பார்த்தாள். இருவர் முந்தானையைப் பிடித்து நிறுத்தினோம். நின்ற பிறகு ஏறினாலும் அவளுக்கு ஜன்னலோரமே கிடைத்தது. பட்டாணி இரண்டு கிலோ பச்சைப் பட்டாணி வாங்கி வந்திருந்தாள். மடியில் செய்தித்தாளை விரித்தோம். நாங்கள் பத்து உரிப்பதற்குள் ஜன்னல் இரண்டு உரித்தாள். ஒன்று கை நழுவி ஓடி எதிர் பெஞ்சின் அடியில் போய் நின்றது. "கூலியில் பிடித்துக்கொள்வேன்" என்றாள் பட்டாணி.

தாணேயில் கூட்டம் ஏறியது. தோளில் லேப்டாப் பையோடு ஓர் இளம்பெண் எங்கள் முன்னால் வந்து நின்று, ஜன்னலோரத்தைப் பார்த்து இந்தியில் கேட்டாள்: "ஆன்ட்டி, எங்கே இறங்குவீர்கள்?"

"வி.டி." என்றாள் ஜன்னல்.

பெண்ணின் முகம் சுருங்கியது. ஸ்வெட்டரைப் பார்த்தாள். வி.டி. பட்டாணி. வி.டி. கடைசி நம்பிக்கையாக என் அரை இடத்தைப் பார்த்தாள். நானும் உதட்டைப் பிதுக்கினேன்.

பாவமாக இருந்தது. ஜன்னல் செய்தித்தாளிலிருந்து ஒரு கை நிறையப் பட்டாணியை அள்ளி அவளிடம் நீட்டினாள். "சும்மா நிற்கிற நேரத்தில் இதை உரித்துக்கொடு."