அந்த அக்ரிலிக் தடுப்பெல்லாம் குப்பைக்குப் போக வேணாம்

கோவிட் நேரத்துல கடை கவுண்ட்டர், கிளினிக், ஆபீஸ்னு எங்க பாத்தாலும் கண்ணாடி மாதிரி ஒரு தடுப்பு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அது கண்ணாடி இல்லங்க, அக்ரிலிக், பிஎம்எம்ஏன்னு சொல்ற பிளாஸ்டிக். 2022 ஏப்ரல் 26ல சிங்கப்பூர்ல கூட்டம் கூடறதுக்கான கட்டுப்பாட்ட எடுத்தப்புறம் ஒவ்வொரு எடமா கழட்ட ஆரம்பிச்சாங்க, இப்பக்கூட ரெனொவேஷன் நடக்கற கடைங்க பின்னாடி குப்பையோட குப்பையா சாஞ்சு கெடக்கறத பாத்தா எனக்கு வயிறு எரியும்.

ஏன்னா அது அவ்ளோ நல்ல சாமான். தண்ணியில ஊறாது, வெயில்ல சீக்கிரம் மஞ்சளாகாது, எடை கண்ணாடியில பாதிகூட வராது. ஆனா தண்ணி பாட்டிலோட சேத்து உருக்க முடியாது, ரகம் வேற. எரி ஆலைக்குப் போனா சாம்பலாகி கப்பல்ல நம்ம குப்பைத் தீவு புலாவ் செமக்காவுக்குப் போயிடும், அந்த எடமே 2035 வாக்குல நெறஞ்சிடும்னு சொல்றாங்க, அங்க போய் இத அனுப்பறதா?

தேக்கா பக்கம் நமக்குப் பழக்கமான ஒரு மளிகைக் கடையில கழட்டி வச்சிருந்தாங்க. "அண்ணே, இத தூக்கிப் போடவா போறீங்க?"ன்னு கேட்டேன், "எடுத்துக்கம்மா, எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது"ன்னுட்டாரு.

வீட்டுக்குக் கொண்டாந்ததும் டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க, ஓரத்துலயும் திருகாணி ஓட்டையைச் சுத்தியும் முடி மாதிரி மெல்லிசா விரிசல் ஓடியிருக்கும். வருஷக்கணக்கா சானிடைசர் அடிச்சு அடிச்சுத் தொடச்சதோட வேலை அது, ஆல்கஹால் அக்ரிலிக்குக்கு ஆகவே ஆகாது. அந்தப் பகுதிய வெட்டிக் கழிச்சிடுங்க, மிச்சத்த பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும் வச்சுத் தொடச்சாலே போதும்.

வெட்ட மெஷின் வேணாம், மெஷின் பிளேடு சூட்டுல பிளாஸ்டிக் உருகி வெட்டின எடமே திரும்ப ஒட்டிக்கும். கொக்கி மாதிரி மொனை இருக்கற அக்ரிலிக் கட்டர் ஹார்ட்வேர் கடையில கெடைக்கும், இரும்பு ஸ்கேல அழுத்திப் புடிச்சு ஒரே கோட்டுல திரும்பத் திரும்ப இழுங்க, சுருள் சுருளா வெள்ளைத் துருவல் வரும், கனத்துல மூணுல ஒரு பங்கு இறங்கினதும் மேசை விளிம்புல கோட்ட வச்சு ஒரே அமுக்கு, டக்குன்னு நேரா ஒடைஞ்சிடும். 3 மில்லிமீட்டர் ஷீட்டுனா சுலபம், அதுக்கு மேல கனம்னா கை வலிக்கும். வெளிம்பு கையக் கிழிக்கும், அதனால உப்புத்தாள தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, தூளும் பறக்காது.

ஃபிரிட்ஜ் டிராயர்ல கறிவேப்பிலை தனி கொத்தமல்லி தனின்னு பிரிக்கத் தடுப்பு, பையனுக்குப் புக் ஸ்டாண்டுன்னு நெறைய ஆச்சு. எனக்கு ரொம்பப் புடிச்சது தீபாவளிக்குச் செஞ்ச கோலப் பலகைதான். மேல கோலத் தாள ஒட்டி, பலகைய கவுத்துப் போட்டு அடிப்பக்கமா கோட்டு மேலயே பெயிண்ட் பண்ணணும், காஞ்சதும் தாள உரிச்சிட்டு நிமித்தி வச்சா மேல பளபளன்னு கோலம் தெரியும், தண்ணி பட்டாலும் அழியாது. நம்ம அடுக்குமாடி காரிடார்ல ஆளுங்க போக 1.2 மீட்டர் வழி விடணும்ல, அதனால வாசலோரமா சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கேன். அடுப்புப் பக்கம் மட்டும் எதுவும் செஞ்சு வைக்காதீங்க, அக்ரிலிக் நல்லாவே தீப்புடிக்கும்.

உங்க ஆபீஸ்ல இன்னும் தடுப்பு நிக்குதுன்னா கான்ட்ராக்டர் வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிடுங்க, அவசரத்துல அவங்க திருகாணியக் கழட்டாம உடைச்சு எடுத்துட்டா கோணல் மாணலா இருக்கற துண்டுல ஒண்ணும் செய்ய முடியாது.