குரலும் குடியும்: தம்பியோடு நாங்கள் அலைந்த கதை

"முதல்ல குடியை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ, பிறகு மருந்தைப் பாப்பம்" என்று, காதில் குரல் கேட்கிறதெனத் தம்பியைக் கூட்டிப்போன இடத்தில் சொன்னார்கள். குடியை மறக்கச் செய்கிற இடத்தில், "குரல் கேக்குதெண்டா எங்களால ஏலாது" என்றார்கள். இந்த அலைச்சலிலேயே ஏழு மாதம் போய்விட்டது.

தம்பி திருகோணமலை உப்புவெளியில் கடற்தொழில் செய்கிறவன். யாரோ ஏசுகிற குரல் காதில் கேட்கத் தொடங்கி இரண்டு வருஷம். சாராயம் போட்டால் குரல் அடங்கும் என்பான். விடிந்தால் இன்னும் கூடக் கேட்கும். அதற்குத் திரும்பவும் கால் போத்தல்.

நிறுத்தச் சொன்னார்களே என்று அம்மா அவனைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கினார். அன்றோடு ஒரு சொட்டும் தொடவில்லை. நாங்கள் செய்த பெரிய பிழை அதுதான். அடுத்த நாளே தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் இரவு பாயில் குந்தியிருந்து இரண்டு கையாலும் எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். "அக்கா, வலை பாரமாக் கிடக்கு, ஒரு கை பிடியுங்கோ." வெறுங்கை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நாளும் கூடக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இப்படிப் பிதற்றலாம், உயிரே போகலாம் என்று வாட்டில் டொக்டர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியும். தயமின் (விற்றமின் B1) ஊசி போட்டார்கள். நடுக்கமும் வலிப்பும் வராமல் டயசிபாம் குளிசை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். பிதற்றல் தெளிந்தது, குரல் போகவில்லை. ஒரு மாதம் குடிக்காமல் இருந்தும் கேட்டது. அதன் பிறகுதான் அது குடியால் மட்டும் வந்ததல்ல என்று குரலை அடக்குகிற ஒலன்சபின் மருந்தைத் தொடங்கினார்கள். இப்போது இரண்டுக்கும் ஒரே கிளினிக், ஒரே கொப்பி. முதல் நாளே இப்படி நடந்திருக்க வேண்டும்.

"குடிச்சாலும் கிளினிக்கை விடாதேங்கோ, ஒளிக்காமச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர். சித்திரை வருஷப்பிறப்புக்குக் குடித்துவிட்டான். அந்த இரவு என்ன செய்வதென்று தெரியாமல் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். அடுத்த கிளினிக்கில் அவனே வாய்திறந்து சொன்னான். நர்ஸ் மிஸ் ஒரு வார்த்தை ஏசாமல் கொப்பியில் எழுதினா. அவன் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

நேற்றுக் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். இன்னும் கேக்குதோ என்று கேட்டேன்.

"கேக்குது அக்கா. ஆனா தூரத்தில."