கிரான் வேலையும் யாங்கோனின் ஆறரை மணி நேரமும்

யாங்கோனில் உள்ள ஒரு கோயில், தன் உறுப்பினர்களுக்குத் தினமும் காலை 5 மணிக்கு அன்றைய ராகுகாலத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்தது. அதன் கடிகாரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. யாங்கோனில் நம் நேரம் யூடிசிக்கு ஆறரை மணி முன்னால். ஆகவே கிரான்டேபில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் என்ற லினக்ஸ் நிரலின் அட்டவணையில்) எழுத வேண்டியது 30 22 * * * (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசை), அதாவது முந்தைய நாள் இரவு பத்தரை.

வேலை சரியாக 5 மணிக்கே ஓடும். ஆனால் நிரல் "இன்று என்ன தேதி" என்று சர்வரைக் கேட்டால் நேற்றைய தேதிதான் கிடைக்கும். திங்கட்கிழமை காலையில் 7.30–9.00 என்று போக வேண்டிய செய்தி, ஞாயிற்றுக்கிழமையின் 4.30–6.00 என்று போய்ச் சேரும். நள்ளிரவு முதல் காலை ஆறரை வரை ஓடும் எல்லா வேலைக்கும் இந்த ஆபத்து உண்டு. பகலில் உட்கார்ந்து சோதித்தால் பிழை கண்ணில் படாது.

கிழமையும் அப்படியே நழுவும். திங்கள் காலை மட்டும் ஓட வேண்டியதற்கு ஞாயிறு, அதாவது 0, என்று குறிக்க வேண்டும். மாதந்தோறும் 1ஆம் தேதி சந்தாவுக்காக ஓடும் வேலை இன்னும் மோசம்: இங்கே 1ஆம் தேதி காலை 5 மணி என்பது யூடிசியில் முந்தைய மாதக் கடைசி நாள். "கடைசி நாள்" என்று சொல்ல வழக்கமான கிரானில் வழியில்லை. 30 22 28-31 * * என்று போட்டு, யாங்கோன் தேதி 1தானா என்று நிரலுக்குள் பார்த்துக்கொள்ளலாம். இதோடு கிழமையையும் சேர்த்துவிடாதீர்கள். தேதி, கிழமை இரண்டையும் கொடுத்தால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரான் வேலையை ஓட்டிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் கிரானுக்கு மாற்றான லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் நல்லது. நேரத்தைக் குறிக்கும் அதன் ஆன்காலண்டர் வரியின் கடைசியில் ஏசியா/யாங்கோன் என்று நேர மண்டலத்தையே எழுதிவிடலாம். ரெட் ஹேட் வகை லினக்ஸில் கிரான்டேபிலேயே மண்டலம் குறிக்கலாம். டெபியனின் வழக்கமான கிரானில் அந்த வசதி இல்லை. எப்படிச் செய்தாலும், நிரலுக்குள் தேதி கேட்கும் இடத்திலும் மண்டலத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏசியா/ரங்கூன் என்ற பழைய பெயர் 2016இல்தான் யாங்கோன் ஆனது. அதற்கு முந்தைய சர்வருக்குப் புதுப் பெயர் தெரியாது. தெரியாத பெயரை, நேர மண்டலத்தைக் குறிக்கும் TZ என்ற சூழல் மாறியில் கொடுத்தால் லினக்ஸ் பிழை காட்டாமல் யூடிசிக்குத் திரும்பிவிடும். அந்தப் பெயரோடு டேட் கட்டளையை ஓட்டி, +0630 வருகிறதா என்று பாருங்கள்.

சர்வர் அலுவலகத்திலேயே இருந்தால் மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இயந்திரம் அணைந்திருந்த நேரத்து வேலையைக் கிரான் பிறகு ஓட்டாது. டைமரில் பர்சிஸ்டென்ட் என்பதை இயக்கினால், கரண்ட் வந்ததும் ஓட்டும். ஆனால் மூன்று நாள் தவறியிருந்தாலும் ஒரே ஒரு முறைதான். அதனால் வேலை "நேற்று" என்று கணக்கிடாமல், கடைசியாக முடித்த தேதியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே வேலை இரண்டு முறை சேர்ந்து ஓடாதிருக்கப் பூட்டு வைப்பதுண்டு. பாதியில் செத்த வேலை, அந்தப் பூட்டை அவிழ்க்காமலே விட்டுப் போகும். லாராவெல் என்ற PHP கட்டமைப்பில் ஒன்றன்மேல் ஒன்று ஓடாமல் தடுக்கும் பூட்டுக்கு இயல்பான ஆயுள் 1440 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய வேலை, ஒரு நாள் முழுக்கச் சத்தமில்லாமல் தவிர்க்கப்படலாம். ஆயுளை 15 நிமிடம் என்பதுபோல நீங்களே குறையுங்கள். லினக்ஸின் ஃப்ளாக் என்ற பூட்டுக் கட்டளையில் இந்தத் தொல்லை இல்லை, புராசஸ் (ஓடும் நிரல்) செத்ததும் லினக்ஸின் மையமான கெர்னலே பூட்டை விடுவித்துவிடும்.

இணையதளத்தை இயக்கும் வெப் புராசஸுக்குள்ளேயே, வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் ஷெட்யூலரை வைப்பது வேண்டாத வேலை. அந்தப் புராசஸுக்கு நான்கு வொர்க்கர் (நகல்) இருந்தால் ஒரே உறுப்பினருக்கு நான்கு குறுஞ்செய்தி போகும். தனிப் புராசஸாக ஒன்றே ஒன்று ஓடட்டும். அப்போதும் சந்தா அட்டவணையில் உறுப்பினர் எண், மாதம் இரண்டையும் சேர்த்து யுனிக் கீ (ஒரே ஜோடி இரண்டு முறை பதியாமல் தடுப்பது) போடுங்கள். முதலில் "நிலுவை" என்று வரியைப் பதிந்து, பிறகு செய்தியை அனுப்பி, கடைசியில் "அனுப்பியது" என்று மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனால் நிலுவையில் நிற்பவற்றை மட்டும் கையால் பார்த்தால் போதும்.