வெள்ளியங்கிரிக்குப் போய் வந்த தடி

கோவை காந்திபுரத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் என் கையில் இருந்த மூங்கில் தடியைப் பார்த்தார். “அடிவாரத்திலேயே விற்கிறார்களே சாமி, இதை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்?” என்றார். அப்பாவின் தடி என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கம்பிக்குப் பக்கத்தில் சாய்த்துக்கொள்ள அவரே இடம் காட்டினார்.

எங்கள் வீட்டுச் சாமி அறையில் படங்களுக்குப் பின்னால் நிற்கும் தடி அது. அப்பா முதன்முதலில் வெள்ளியங்கிரி மலையேறியது 1981-ல். அன்று வாங்கிய தடியையே ஒவ்வொரு முறையும் கொண்டுபோனார். இறங்கி வந்ததும் பேனாக்கத்தியால் ஒரு கீறல். மொத்தம் 17 கீறல்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், “ஆண்டவன் போதும் என்று சொல்லிவிட்டான்” என்பார். அதற்குமேல் பேச்சு ஓடாது. இந்தப் பங்குனியில் நான் போகப்போகிறேன் என்றதும் தடியை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு எவர்சில்வர் குடுவை. மலைமேல் இருக்கும் ஆண்டிச் சுனைத் தண்ணீர் வேண்டுமாம்.

பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் கடந்து பூண்டியில் இறங்கியபோது சனிக்கிழமை இருட்டிவிட்டது. வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் கும்பிட்டுவிட்டு மலைப்படிக்கு வந்தேன். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை மலையேற விடுகிறது. வாசலில் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் பார்க்கிறார்கள். இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற எச்சரிக்கையை நான் இரண்டு தடவை படித்தேன். எனக்கு வயது 48. படித்துக்கொள்வது நல்லதுதானே.

இந்த மலைக்கு வழிகாட்டி தேவையில்லை. முன்னால் போகிறவரின் டார்ச் வெளிச்சமே போதும். ஆனாலும் தனியாக வருகிறேன் என்பதால் நண்பர் ஒருவர், அடிவாரத்துப் பதி ஒன்றை, அதாவது பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த இருளர் பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். எல்லோரும் அவரை மூப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். மலைமேல் சீசனுக்குப் போடும் கடைகளுக்குப் பல வருடங்களாகச் சரக்குச் சுமந்தவர். செருப்பு இல்லை. டார்ச்சும் இல்லை. தோளில் ஒரு துண்டு, மடியில் கொஞ்சம் வெல்லம், அவ்வளவுதான்.

ஏறிக் கடக்க வேண்டியவை ஏழு மலைகள். முதல் மலைதான் ஆளைச் சோதிப்பது. செங்குத்தான கல்படிகள், முடிவே தெரியாமல் போகின்றன. இளவட்டங்கள் “ஓம் நமசிவாய” என்று கத்திக்கொண்டு தாவி ஏறினார்கள். நானும் வேகம் காட்டினேன். மூப்பர் ஒன்றும் சொல்லவில்லை. கால்மணி நேரத்தில் அதே இளவட்டங்கள் படியோரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். மூப்பர் வெல்லத்தில் ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தார். “மூச்சு வாய்க்கு வந்தால் நில்லுங்கள் சாமி, மூக்குக்குத் திரும்பியதும் நடங்கள்” என்றார். அந்த ராத்திரி முழுவதும் அவர் சொன்ன ஒரே அறிவுரை அதுதான். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டபோதெல்லாம் அவருக்குக் காது கேட்கவில்லை.

வெள்ளை விநாயகரிடம் தேங்காய் உடைத்துவிட்டு, பாம்பாட்டிச் சுனையில் கை நனைத்து, வழுக்குப் பாறையைக் கடந்தோம். பாறையில் வெட்டியிருக்கும் சின்னச் சின்னப் படிகளில் தடியை ஊன்றும்போது அது வழுக்கி வழுக்கிப் போனது. எரிச்சலாக இருந்தது. 30 ரூபாய்க்குப் புதுத் தடி வாங்கியிருக்கலாம் என்று முணுமுணுத்தேன்.

கைதட்டிச் சுனைக்கு அருகில் ஒரு கடையில் சுக்குக் காப்பி குடித்தோம். அப்போதுதான் மூப்பர் தடியைக் கையில் வாங்கினார். கடைக்காரரின் விளக்குக்கு நேராக அடிப்பக்கத்தைத் திருப்பினார். கணுவுக்குக் கீழே மூங்கில் ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. பிறகு மேல்பக்கம். தடிக்கு அங்கே லேசான வளைவு உண்டு. வளைவின் உட்புறம் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மட்டும் எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது. மூப்பர் தன் இடது கைக் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

“இது இடக்கைத் தடி. வலது கையில் பிடித்தால் வழுக்கத்தான் செய்யும். அப்பா இடக்கைக்காரரா?”

இல்லை என்றேன். எழுதுவது, சாப்பிடுவது, கதிர் அறுத்தது, என்னை அடித்தது எல்லாம் வலது கைதான்.

“அப்படியென்றால் வலது முழங்கால் சரியில்லாமல் ஏறியிருக்கிறார். காலுக்கு எதிர்க்கையில்தான் தடி பிடிப்பார்கள். இது ஒரு வருடத்துத் தேய்மானம் இல்லை சாமி.”

அதற்குப் பிறகு தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். நான்காம், ஐந்தாம் மலைகள் அவ்வளவு கடினமில்லை. புல்வெளிக் காற்று காதைக் கிழித்தது. குளிரில் பல் அடித்துக்கொண்டது. எதைப் பற்றியும் எனக்குச் சரியாக நினைவில்லை. ஒவ்வொரு ஊன்றலிலும் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆறாவது மலை இறக்கம். அடியில் ஆண்டிச் சுனை. அந்தத் தண்ணீரில் தலை முழுகினால் ஒரு கணம் பெயரே மறந்துபோகிறது. ஈரத் துணியோடு ஏழாவது மலையின் செங்குத்தில் ஏறினோம். ஏறக்குறைய 6,000 அடி உயரம். பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டான குகைக்குள் சுயம்பு லிங்கமாக ஆண்டவர். கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை. குனிந்துதான் போக வேண்டும். கற்பூர வெளிச்சத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. பின்னால் வரிசை தள்ளியது. கேட்க நினைத்து வந்தவை நாலைந்து இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. முழங்கால் என்று மட்டும் சொன்னேன். யாருடையது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

வெளியே வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. மறுபக்கம் மேகம் விலகிய இடைவெளியில் சிறுவாணி அணையின் தண்ணீர் தகடுபோல் தெரிந்தது. மூப்பர் சூரியனைக் கும்பிடவில்லை. பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம்” என்றார்.

இறங்குவதுதான் முழங்காலைத் தின்கிற வேலை. ஏறும்போது தெரியாத படியெல்லாம் இறங்கும்போது தெரிந்தது. அடிவாரம் வந்தபோது என் தொடைகள் நடுங்கின. மூப்பருக்குப் பேசியதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, அதிகப்படியில் ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தடியைத்தான் முதலில் வாங்கினார். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நான் பேனாக்கத்தியை நீட்டினேன், பதினெட்டாவது கீறலுக்கு.

“அது என் கணக்கு. உனக்கு வேண்டுமானால் வேறு தடி வாங்கியிருக்க வேண்டும்” என்றார்.

“எந்தக் கீறலிலிருந்து முழங்கால் வலி, அப்பா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விரலால் எண்ணிக்கொண்டே போய், ஒன்பதாவது கீறலில் நிறுத்தினார். அம்மா சமையலறையில் இருக்கிறாரா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குடுவையைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார்.

“ஆண்டிச் சுனைதானே? குளிர்ச்சி போய்விட்டதே” என்றார்.